ஊமைப் பொத்தான்

இந்தக் காலத்தில் மனுசனிடம் வழி கேட்பதற்குப் பதில் சுவரிடம் கேட்கலாம். சுவராவது மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளாது. பஸ் இறங்கிய இடத்தில் மாரப்பன் எத்தனையோ பேரிடம் கேட்டுப் பார்த்துவிட்டார். ஒருத்தன் காதைத் தொட்டுக் காட்டி, பேசிக்கொண்டிருக்கிறேன் என்று சைகை செய்தான். ஒரு பொம்பளை அவரைத் தாண்டி யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டே போனாள். திரும்பிப் பார்த்தால் அங்கே ஆளே இல்லை, வெறும் ரோடு. எல்லாரும் காதுக்குள்ளேயே குடும்பம் நடத்துகிறார்கள். எதிரில் நிற்கிறவன் செத்து விழுந்தாலும் பாட்டு முடிந்த பிறகுதான் குனிந்து பார்ப்பார்கள்.

டீக்கடைக்காரன் ஒருத்தன்தான் வாயைத் திறந்தான்.

"ஆஸ்பத்திரிக்கா? பைத்தியம் பாக்கவா, கொலைகாரனப் பாக்கவா?"

"ரெண்டும் ஒரே ஆளுதான்," என்றார் மாரப்பன்.

"அப்ப நேராப் போங்க. முள்ளுக்கம்பி போட்ட பெரிய கேட்டு."

நடந்தார். பக்கத்தில் லாரிகள் ஆள் இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. ஸ்டீயரிங் தானே திரும்புகிறது, தானே நிற்கிறது, நடக்கிற கிழவனுக்குத் தானே ஒதுங்கி வழி விடுகிறது. அந்த மரியாதை மாரப்பனுக்குப் பிடிக்கவில்லை. ராசிபுரத்தில் இருந்து அசாம் வரைக்கும் வண்டி ஓட்டிய ஆள் அவர். இஞ்சின் சூட்டை மீட்டர் முள் காட்டும், ஆனாலும் பானெட்டில் கை வைத்துப் பார்க்காமல் ஒரு நாளும் வண்டியை எடுத்ததில்லை. முள் பொய் சொல்லும். கை சொல்லாது.

கேட்டில் ஒரு வார்டர் நின்றிருந்தார். பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"பூபதி அப்பாவா? வாங்க வாங்க. எம்பேரு குருசாமிங்க. இந்தக் கேட்டத் தாண்டினா வெறும் குரு. பாதிப் பேர உங்க பையன் புடுங்கிட்டான்."

"எம்பையன் உம்பேர எதுக்குப் புடுங்கறான்?"

"டாக்டரம்மா சொல்லுவாங்க. எங்கப்பா எனக்கு வெச்சுட்டுப் போன ஒரே சொத்து அந்தப் பேருதான், அதுலயும் பாதி போச்சு," என்று சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்தார்.

மாரப்பன் சிரிக்கவில்லை. இந்தக் கேட்டுக்குள் அவர் வந்து வருசக்கணக்காகிவிட்டது. கடைசியாக வந்தபோது பூபதி எதிரில் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தான். என்ன கேட்டாலும் பதில் இல்லை. அவர் வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். வார்டர் ஏதோ கேட்டதற்கு மட்டும் ஒழுங்காகப் பதில் சொன்னான். "பெத்தவங்கூடப் பேச முடியாத பெரிய மனுசனாடா நீ?" என்று கத்திவிட்டு வந்தவர்தான். அப்புறம் இந்தப் பக்கம் தலை காட்டவில்லை.

அதற்கு முன்னாலேயே மனசு முறிந்துதான் இருந்தது. பூபதியைப் பெற்றவள் அவன் நடை பழகும் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். லாரி கேபினில்தான் வளர்ந்தான். அப்புறம் அதே லாரியில் கிளீனர், அப்புறம் மாற்று டிரைவர். ஒரு மத்தியானம் பஞ்சர் கடை தேவராஜ் குனிந்து சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, பூபதி வீல் ஸ்பேனரை எடுத்து அவர் பிடரியில் போட்டான். தேவராஜ் எத்தனையோ வருசமாக இவர்கள் வண்டிக்கு ஒட்டுப் போட்டுக் கொடுத்த மனுசன். அங்கேயே போய்விட்டார். மாரப்பன் பக்கத்தில் கயிற்றுக்கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். போலீஸ் வந்து ஏன்டா கொன்னே என்று கேட்டதற்கு, "அப்பாதான் சொன்னாருங்க" என்றான். அதற்காக மாரப்பனையும் பிடித்துப் போய் உட்கார வைத்தார்கள். பையனுக்குப் புத்தி சரியில்லை, காதுக்குள் குரல் கேட்கிறது என்று கோர்ட்டு சொன்ன பிறகுதான் விட்டார்கள். பையனை இங்கே அனுப்பினார்கள். என்ன இருந்தாலும் அந்தப் பேச்சு மாரப்பனுக்கு ஆறவில்லை. தானும் விழுந்து அப்பனையும் இழுத்துவிட்டானே என்பது உள்ளே உறைந்து கிடந்தது.

டாக்டர் இளமதிக்குச் சின்ன வயசு. எழுந்து நின்று கும்பிட்டார். அதுவே மாரப்பனுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

"உங்ககிட்ட முதல்ல மன்னிப்புக் கேக்கணும்யா," என்றார். "போன தடவை நீங்க பேசினது பூபதிக்குக் கேக்கவே இல்ல."

"காது போச்சுங்களா?"

"காது நல்லா இருக்கு. காதுக்குப் பின்னாடி ஒரு பொத்தான் வெச்சிருக்கோம். ஊமைப் பொத்தான்னு வார்டருங்க சொல்லுவாங்க. இல்லாத குரல் ஒண்ணு அவருக்குக் கேக்குது இல்லையா, அது மூளையில வார்த்தையா ஆகறதுக்குள்ள பொத்தான் அத முழுங்கிடும். ஆனா எந்தக் குரல முழுங்கணும்னு அதுக்குச் சொல்லித் தரணும். பூபதிக்குக் கேட்டது உங்க குரல்."

மாரப்பன் தோள் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அதனால உங்க குரல முழுங்கச் சொல்லிட்டோம். நீங்க நேர்ல வந்து பேசினப்பவும் முழுங்கிடுச்சு. அதுக்கு உள்ள வெளியன்னு வித்தியாசம் தெரியாது. ரெண்டும் ஒரே வாசல் வழியாத்தான் வருது."

"அப்ப நாஞ்சொல்லித்தான் கொன்னான்ங்கறீங்களா நீங்களும்?"

"இல்லைங்கய்யா. குரல்தான் உங்களது. பேச்சு அவரோடதுதான். ஆனா அவர் போலீஸ்கிட்டப் பொய் சொல்லல. அவருக்குக் கேட்டதைச் சொன்னார்."

அந்தம்மா மேசைத் திரையைத் திருப்பிக் காட்டினார். ஒரு கோடு படுக்கை வாட்டில் மட்டமாகக் கிடந்தது. போன ஐப்பசியில் இருந்து அது எழும்பவே இல்லையாம். பொத்தான் எதையாவது முழுங்கினால் கோடு எழும்புமாம். முழுங்க எதுவும் வரவில்லை என்றால் குரல் ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம். நாளைக்கு மேல்குழு உட்காருகிறது. அப்பா வந்து அழைத்துப் போகச் சம்மதித்தால் பூபதி வீட்டுக்கு வரலாம்.

"நான் பேசினாத்தான் முழுங்கிருமே. வீட்ல ஊமையும் செவிடுமா உக்காந்துக்கறதா?"

"அத மாத்திட்டோம். அந்தக் குரல் எப்ப வந்தாலும் அவரை ஒரே ஒரு வார்த்தை சொல்லித்தான் கூப்பிடுதுன்னு கண்டுபிடிச்சோம். இப்ப அந்த வார்த்தை வர்ற வாக்கியத்த மட்டும் பொத்தான் முழுங்கும். நீங்க மத்ததெல்லாம் பேசலாம்."

"என்ன வார்த்தைங்க?"

"சாமி."

மாரப்பன் முதல் முறையாகச் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது.

"அவன நான் அப்படிக் கூப்பிட்டதா? ஏனுங்கம்மா, டேய்னு கூப்பிட்டிருக்கேன், நாயேன்னு கூப்பிட்டிருக்கேன். மூதேவின்னு கூப்பிட்டிருக்கேன். எங்கூர்ல பெத்தவங்க புள்ளைங்கள அப்படித்தான் கொஞ்சுவாங்க, இல்லைங்கல. சாப்புடு சாமி, தூங்கு சாமின்னு. எனக்கு எங்க நேரம் அதுக்கு? என் ஆயுசுல அவன ஒரு தடவகூட அப்படிக் கூப்பிட்டதில்லீங்க. எழுதி வெச்சுக்கங்க."

"அதனாலதான் இந்த வார்த்தையத் தேர்ந்தெடுத்தது வசதியாப் போச்சு," என்றார் டாக்டர். அவர் குத்திச் சொல்லவில்லை. ஆனாலும் மாரப்பனுக்குக் குத்தியது.

"எங்கூர்ல பாதிப் பேரு சாமிதானுங்க. பழனிச்சாமி, கருப்பசாமி. டீக்கடைக்காரங்கூடச் சின்னப் பையன அப்படித்தான் கூப்பிடுவான். அங்க வந்தா இவனுக்கு என்ன கேக்கும்?"

டாக்டர் ராசிபுரம் பக்கத்து ஆள் இல்லை. அவர் கடற்கரை ஊர்க்காரர். "அது எங்களுக்கு அப்போ தெரியல. பழகிக்குவார். இங்க அவர் காதுபட நாங்க யாருமே அந்த வார்த்தையச் சொல்றதில்ல. குரு பேரக்கூடப் பாதியாக்கிட்டோம். அப்பத்தான் கோடு எழும்பினா உள்ள இருந்து வந்ததுன்னு உறுதியாத் தெரியும். நீங்களும் உள்ள போனா அதச் சொல்லிடாதீங்க."

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்?"

எழுந்தவர் நின்றார். கேட்க வேண்டாம் என்று நினைத்ததைக் கேட்டுவிட்டார். "அது... அந்தக் குரலு. வேற என்னதான் சொல்லுமாம்?"

"ரொம்ப வருசம் கெடுதலா ஒண்ணும் சொல்லலைங்கய்யா. சாப்பிட்டியான்னு கேக்குமாம். நீ தூங்கு, ரோட்ட நான் பாத்துக்கறேன்னு சொல்லுமாம். குளிருதான்னு கேக்குமாம். கடைசியிலதான், பஞ்சர் கடைக்காரர் டயர்ல ஆணி வெக்கிறார், உன்னக் கொல்லப் பாக்கறார்னு சொல்ல ஆரம்பிச்சிருக்கு. அதுவரைக்கும் நல்லதே சொன்ன குரல் இல்லையா, நம்பிட்டார்."

மாரப்பனுக்கு என்ன தோன்றியது என்று கேட்டால் ஒன்றும் தோன்றவில்லை. ரொம்ப நேரம் காலை மடக்கி உட்கார்ந்தால் கால் மரத்துப் போகுமே, அது மாதிரி நெஞ்சுக்கூட்டுக்குள் இருந்தது. கிள்ளினாலும் தெரியாது.

"போலாமுங்களா?" என்றார்.

பார்வையாளர் அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஓரத்தில் கை கழுவும் தொட்டி. குடும்பம் பேசுவதை ஒட்டுக் கேட்கக் கூடாது, படம் பிடிக்கக் கூடாது என்று கோர்ட்டு உத்தரவாம். குரு கதவைச் சாத்திவிட்டு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பூபதிக்கு முன்மண்டை வழுக்கை விழுந்திருந்தது. எதிரில் ஆஸ்பத்திரிச் சாம்பார் சாதம். அப்பாவைக் கண்டதும் எழுந்தான்.

"வாங்கப்பா. நல்லாருக்கீங்களா?"

"ம். கேக்குதா நான் பேசறது?"

"கேக்குதுங்கப்பா. குரல் கரகரன்னு ஆயிருச்சு உங்களுக்கு."

"வயசாச்சு. பின்ன என்ன, குயிலு மாதிரியா கூவுவேன்?"

பூபதி சிரிக்க வேண்டிய இடத்தில் தலையாட்டினான். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை, தார் ரோடு மாதிரி.

"லாரி?"

"வித்தாச்சு. இரும்புக் கணக்குல எடுத்தாங்க."

"தேவராஜ் அண்ணன் புள்ளைங்க?"

"பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிருச்சு. பையன் எங்கயோ போய்ட்டான். நான் போயிப் பாக்கல. எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போறது?"

"நான் வெளிய வந்தா போகலாமுங்களாப்பா?"

"போயி?"

பூபதி சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"உள்ள எப்படிடா இருக்குது இப்ப?"

"கடையெல்லாம் சாத்துன தெரு மாதிரி இருக்குதுங்கப்பா. பயமில்ல. ஒண்ணுமில்ல. முன்னெல்லாம் பொத்தான் அந்தச் சத்தத்த முழுங்கறப்ப எனக்கு அந்த எடத்துல ஒரு ஓட்டை விழுகுமுங்க. சத்தம் வராது, ஓட்டை தெரியும். பல்லு விழுந்த எடம் நாக்குக்குத் தெரியுமில்லீங், அப்படி. இப்ப அந்த ஓட்டையும் விழுகறதில்ல. ரொம்ப நாளாச்சு. அதனாலதான் விடறாங்க."

"அப்ப நல்லாத்தான் இருக்கே."

"இருக்கேன்னுதான் சொல்றாங்கப்பா."

சாப்பிட்டு முடித்துத் தட்டைத் தள்ளி வைத்தான். எழுந்து போய்த் தொட்டியில் கை கழுவினான். முதுகு இந்தப் பக்கம் இருந்தது. சின்ன வயசில் ஓடும் லாரியின் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி மழையில் கழுவுவானே, அதே மாதிரி விரல்களை விரித்து, திருப்பித் திருப்பித் தண்ணீரில் காட்டினான்.

மாரப்பன் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். கோடு படுத்திருக்கிறது என்று திரை சொல்லுகிறது. நம்பி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பானெட்டில் கை வைத்துப் பார்க்காமல் வண்டியை எடுப்பதா? அதற்காகத்தான் சொன்னேன் என்று பிற்பாடு அவர் தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டார். ஆனால் வாயில் இருந்து வந்தபோது அது சோதிக்கிறவன் குரலாக இல்லை.

"வயிறு ரொம்புச்சா சாமி?"

பூபதி திரும்பவில்லை. தண்ணீர் மட்டும் ஓடியது. விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

குழாயை மூடினான். மெதுவாகத் திரும்பினான். மூஞ்சி வெளுத்திருந்தது.

"அப்பா, நீங்க ஏதாச்சும் சொன்னீங்களா இப்ப?"

ஆமாம் என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். ஆனால் என்ன சொன்னீங்க என்று அடுத்துக் கேட்பான். நாற்பது வயசுப் பையனை, ஒரு ஆளைக் கொன்றுவிட்டு வந்தவனை, பால் குடிக்கிற பிள்ளை மாதிரிக் கொஞ்சினேன் என்று எந்த வாயால் சொல்வது? திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி மாரப்பனுக்கு உடம்பு கூசிப்போயிற்று.

"நானா? நான் ஒண்ணும் சொல்லலயே."

பூபதி கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். கதவருகே போய்த் தட்டினான்.

"குரு அண்ணா, டாக்டரம்மாவக் கூப்பிடுங்க. ஓட்டை விழுந்துச்சு."

"டேய், டேய், இருடா," என்று எழுந்தார் மாரப்பன்.

"மறைக்கக் கூடாதுங்கப்பா. மறைச்சா இன்னொரு ஆளு சாவான்."

டாக்டரோடு தாழ்வாரத்தில் நின்று மாரப்பன் பேசிய பேச்சு, அவர் வாழ்நாளில் பேசியதிலேயே நீளமான பேச்சு. நான்தான் சொன்னேன் என்றார். மெசினைச் சோதித்துப் பார்க்கத்தான் அப்படிக் கூப்பிட்டேன் என்றார். பையன் கேட்டபோது வெட்கத்தில் இல்லை என்றுவிட்டேன் என்றார். டாக்டர் முழுசும் கேட்டார். கோடு எழும்பியிருப்பதைத் திரையில் காட்டினார். எழும்பியது மட்டும்தான் அதற்குத் தெரியும். யார் சொன்னது என்று தெரியாது.

"காலையில என்ன சொன்னீங்கய்யா? ஆயுசுல ஒரு தடவகூடக் கூப்பிட்டதில்லன்னு."

"ஆமா."

"பூபதி கேட்டப்ப?"

"இல்லைன்னேன்."

"இப்ப ஆமாங்கறீங்க. நான் எத நம்பறது?"

"என் முன்னாடி அவன நிக்க வெச்சு இப்பக் கூப்பிடறேன். பாருங்க."

"கூப்பிட்டா கோடு எழும்பும். அது இப்ப நீங்க கூப்பிட்டீங்கன்னுதான் காட்டும். அப்பக் கூப்பிட்டீங்கன்னு காட்டாது." டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "இங்க வர்ற எல்லா அப்பா அம்மாவும் இதத்தான் சொல்றாங்கய்யா. நான்தான் சொன்னேன், நான்தான் கத்தினேன், அவன் மேல தப்பில்லன்னு. புள்ள வெளிய வரணும்னா எதையும் சொல்லுவாங்க. அது தப்புன்னு நான் சொல்லல. ஆனா தேவராஜுக்கும் ஒரு குடும்பம் இருந்துச்சு. நாளைக்குக் குழு முன்னாடி நான் என்ன சொல்ல முடியும்?"

அந்தம்மா சொல்வதில் பிசகு இல்லை. அதுதான் கொடுமை.

"மனசுல நினைச்சிருப்பீங்க," என்றார் டாக்டர், ஆறுதல் மாதிரி. "சொன்னதாத் தோணும். எல்லாருக்கும் நடக்கறதுதான்."

"நெனச்சதுக்கும் சொன்னதுக்கும் வித்தியாசம் தெரியாதவன் உள்ள இருக்கானுங்க. நான் இல்ல."

போவதற்கு முன்னால் பையனைப் பார்க்க விட்டார்கள். பூபதி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். பயந்த மாதிரித் தெரியவில்லை. எதிர்பார்த்தது வந்துவிட்டால் ஒரு அசதி வருமே, அது.

மாரப்பன் நின்றுகொண்டே சொன்னார். "டேய், நாந்தான்டா கூப்பிட்டேன். நீ கை கழுவறப்ப."

"இல்லைன்னு சொன்னீங்களேப்பா."

"பொய் சொன்னேன்."

"என்னன்னு கூப்பிட்டீங்க?"

மாரப்பன் குரு இருப்பதைப் பார்த்தார், டாக்டர் இருப்பதைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னார். சத்தமாகவே சொன்னார். குரு தன் பாதிப் பேரைக் கேட்டுத் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

பூபதி அப்பாவின் வாயையே பார்த்தான். உதடு அசைந்து நிற்கும் வரைக்கும் பார்த்தான்.

"ஓட்டை விழுந்துச்சுங்கப்பா," என்றான். "இப்ப நீங்கதான் சொன்னீங்க. தெரியுது."

"அப்பவும் நாந்தான்டா."

பூபதி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தான்.

"வேண்டாங்கப்பா. எனக்காகப் பொய் சொல்லாதீங்க. நீங்க அப்படிக் கூப்பிடற ஆளு இல்லைன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

மாரப்பன் கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. குருதான் வந்து பூபதியை மெதுவாக அழைத்துப் போனார்.

டாக்டர் வாசல் வரைக்கும் கூட வந்தார். அடுத்த வருசம் புதுப் பொத்தான் வருகிறதாம். உள்ளே இருந்து வந்ததா, வெளியே இருந்து வந்ததா என்று அது பிரித்துச் சொல்லிவிடுமாம். வந்ததும் பூபதிக்குத்தான் முதலில் வைப்பார்களாம். அதுவரை அவர் இங்கேதான் இருப்பார், மாசம் ஒரு தடவை வந்து பார்த்துப் பேசிவிட்டுப் போங்கள், அந்த வார்த்தையை மட்டும் தவிர்த்துவிடுங்கள் என்றார்.

"அது சொன்னா நம்புவீங்களாக்கும்?"

"நம்புவோம்யா."

"நான் சொன்னா?"

அந்தம்மா நல்ல மனசுக்காரி. பொய் சொல்ல வரவில்லை.

"எல்லாம் அவரோட நல்லதுக்குத்தான்யா," என்றார் கடைசியில்.

"இருக்கும்," என்றார் மாரப்பன். துண்டை உதறித் தோளில் போட்டார். அப்படி இருக்காது என்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே படியிறங்கி, வெயிலில் நடந்தார்.